பூவரசங்குழை முதல் மண் உணரி வரை

வவுனியாவிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே பூவரசங்குளம் என்னும் ஊர் உள்ளது. மரத்தாலும் குளத்தாலும் பெயர்பெற்ற ஊர்கள் வன்னியிற் பலவாகும். ஆயினும் இவ்வூர்ப் பெயரிலே நிற்கும் மரத்துக்கு உழவரோடு தனியானதோர் உறவுண்டு. பூவரசின் குழையை வெட்டி, மண்ணிலே தாழ்த்தி, அது அழுகிச் சேர்ந்தபின் பயிரிடுதல் வடபுலத்தில் நெடுங்கால வழக்கமாகும். அறுவடை முடிந்த வயலிலே மாட்டுப்பட்டி அடைத்தலும் அத்தகையதே.

எத்துணைக் குழை போதும், எந்த வயலுக்கு எத்தனை நாள் பட்டி வேண்டும் என்பவற்றை அக்காலக் கமக்காரர் எதனாலே அறிந்தனர்? சென்ற போகத்துப் பயிரின் நிறத்தாலும், மேட்டுத் தாக்குக்கும் பள்ளத் தாக்குக்கும் இடையே விளைச்சலிற் கண்ட வேற்றுமையாலும் அறிந்தனர். அந்த அறிவு வயலுக்கு வயல் வேறுபட்டது. இதனை மறந்துவிடலாகாது, பின்வந்த அறிவியல் முதலில் இழந்ததும் இதுவே, இன்று பெரும் பொருட்செலவில் மீட்க முயல்வதும் இதுவே.

1840 ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு இரசாயன அறிஞர் லீபிக் என்பார், பயிர் மண்ணிலிருந்து உண்பது கனிப்பொருள்களையே என்று நிறுவ முற்பட்டார். எந்த ஊட்டம் தேவைக்கு மிகக் குறைந்து நிற்கின்றதோ அதுவே விளைவின் எல்லையை வகுக்கும் என்ற கருத்தும் அவராற் பரவியது. 1843 இல் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட்டில் தொடங்கிய வயற் சோதனைகள் இன்றும் நடைபெறுகின்றன. 1909 இல் ஃபிரிட்சு ஹேபர் காற்றின் நைதரசனை அமோனியாவாக்கிக் காட்டினார். அதே ஆண்டிலே கோயம்புத்தூரில் நிரந்தரப் பசளைச் சோதனை வயல் அமைக்கப்பட்டது. 1913 இல் ஒப்பௌ நகரில் அமோனியாத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியபின், பசளை மூடையாகக் கட்டிக் கப்பலேற்றும் பண்டமாயிற்று.

இலங்கையின் மண்வகைகளை மூர்மனும் பானபொக்கேயும் 1961 இல் வகுத்துரைத்தனர். வன்னியின் மேட்டுநிலங்களிற் பெரும்பாலும் நீர் வடியும் செங்கபில மண்; குளத்தின்கீழ்ப் பள்ளங்களிலே நீர் தேங்கும் சாம்பல்நிற மண். ஒரே ஊரில், சில நூறு யார் தூரத்துக்குள், இயல்பு வேறாகிய இரு மண்கள் உள்ளன. ஆகவே ஊர் முழுவதற்கும் ஒரே அளவுப் பசளை விதித்தல் பொருந்துமா? பொருந்தாது. ஆயினும் நடந்தது அதுவே. 1958 இல் வெளிவந்த எச்-4 போன்ற நெல்லினங்கள் பசளையை வேண்டி நின்றன. 1962 இற் பசளை மானியம் தொடங்கியது. 2005/2006 காலபோகத்திலிருந்து 50 கிலோகிராம் மூடை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. இத்தகைய விலையிலே மூடை கிடைக்கும்போது, மண்ணைச் சோதிக்கும் தொல்லையை யார் மேற்கொள்வர்? உழவரைக் குறைகூறுவதற்கில்லை.

வன்னிக்கு மற்றொரு வரலாறும் உண்டு. போரின்போது, 1990 களில், பெருநிலத்தின் பல பகுதிகளுக்கு யூரியா கொண்டுசெல்லத் தடையிருந்தது. மீண்டும் 2021 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோது காலபோக விதைப்பின் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது, அரிசி இறக்குமதியாயிற்று. நைதரசன் நீரிலும் காற்றிலும் விரைந்து நீங்குவது. ஒவ்வொரு போகமும் இடவேண்டியது. பொசுபரசோ மண்ணிலே தங்கிச் சேர்வது. ஆண்டாண்டாகப் பசளையிட்ட சில வயல்கள் ஒரு போகம் அஃதின்றியும் தாங்கக்கூடும்; வேறு சில தாங்கா. எவ்வயல் எவ்வகை என்பதற்கு ஊர்தோறும் பதிவு இருந்திருப்பின், கிடைத்த சிறிதளவையேனும் உரிய இடத்தில் இட்டிருக்கலாம். அத்தகைய பதிவு இல்லாத இடத்திலே தடையும் எல்லா வயலுக்கும் ஒன்றாகவே வந்தது, முன்னைய மானியத்தைப் போலவே.

வயலுக்குள்ளேயே வேறுபாடு காணும் எண்ணம் புதியதன்று. 1929 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் லின்ஸ்லியும் பௌவரும், ஒரே வயலிற் பல இடங்களின் மண்ணைச் சோதித்து, புளிப்புள்ள இடங்களுக்கு மட்டும் சுண்ணாம்பிடும்படி படம் வரைந்து காட்டினர். இன்றைய மண் உணரிகள் அவ்வழி வந்தவையே. ஈரமறியும் உணரி எளிய தத்துவத்தில் இயங்குவது: மின்புலத்துக்கு நீர் காட்டும் இயல்பு உலர்ந்த மண் காட்டுவதினும் பதினைந்து, இருபது மடங்கு மிகுந்தது; ஆதலால் சிறிது ஈரம் கூடினும் கருவி உணரும். மிளகாய், வெங்காயம், பப்பாசி முதலிய மேட்டுப் பயிர்களுக்குச் சொட்டு நீரோடு பசளையும் கரைத்துவிடும் தோட்டங்களில் இது பெரும்பயன் தரும்.

நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் மூன்றையும் ஒருசேரக் காட்டுவதாக மலிவு விலையில் விற்கும் ஈட்டிகளைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை மண்ணின் மின்கடத்துதிறனை அளந்து, மூன்று எண்களை ஊகித்துக் கூறுபவை. உவர்நீர்க் கிணற்றால் இறைத்த மண்ணிலே உப்பையும் பசளையையும் அவை பிரித்தறியா. உவர்நிலத்தை வளநிலமென்று சொல்லும் கருவியினும் பாட்டன் கண் மேலானது.

நெல்வயலுக்கு இதனிலும் எளியதொரு துணையுண்டு. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தாரின் முயற்சியால் 1990 களிற் பரவிய இலைநிற அட்டை அது. முற்றாக விரிந்த இளைய இலையை, தம் உடல்நிழலிலே பிடித்து, அட்டையின் பச்சைப் பட்டைகளோடு ஒப்பிட வேண்டும். இலை வெளிறியிருந்தால் மட்டும் யூரியா இடவேண்டும். பயிரின் நிறம் பார்த்த பழைய கமக்காரரின் வழக்கத்துக்கு அளவுகோல் கிடைத்தது, அவ்வளவே. பொசுபரசுக்கும் பொற்றாசியத்துக்கும் ஆய்வுகூடச் சோதனையே இன்றும் நம்பத்தக்கது.

அதற்கான மண்ணை ஆவணி மாதத்தில், காலபோக மழைக்கு முன்னரே எடுத்தல் நன்று. வயலிலே வளைந்து வளைந்து நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில், ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைய வெட்டி எடுத்து ஒன்றாகக் கலக்க வேண்டும். மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் ஒன்றாகக் கலத்தலாகாது. பட்டி அடைத்த இடமும், எருக் குவித்த இடமும், வரம்பின் ஓரமும், பூவரசு நிழல் விழும் இடமும் விலக்கப்பட வேண்டியவை. அங்கெல்லாம் குழையும் சாணமும் விழுந்து மண் தன் இயல்பிலே இராது. கலந்த மண்ணில் அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி, பையிலே கட்டி, வயலின் பெயரையும் சென்ற போகம் இட்ட பசளையையும் எழுதி அனுப்பினாற் போதும்.