டோக்கியோவில் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்' எங்கே இருக்கு தெரியுமா?

ஷிபுயா கிராஸிங், டோக்கியோ டவர், செர்ரி பூக்கள்... எல்லாத்தையும் ரீல்ஸ்லயே பார்த்து முடிச்சிருப்பீங்க. ஆனா, ஊர்ல போய் இறங்கினதும் திணற வைக்கிறது லிஃப்ட் பட்டன், குப்பைத்தொட்டி மாதிரி சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

முதல்ல, பெட்டி கட்டும்போதே ஒண்ணு கவனிங்க. சூடோஎஃபெட்ரின் 10 சதவிகிதத்துக்கு மேல் இருக்கிற மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. மூக்கடைப்புக்கு நாம சாதாரணமா போடுற சில மாத்திரைகள்ல இது இருக்கும். அட்டையைத் திருப்பிப் படிச்சுட்டு, புரியலைன்னா மெடிக்கல் ஷாப்ல கேட்டுட்டு எடுத்து வைங்க. அங்கே கரன்ட் 100 வோல்ட்தான். போன் சார்ஜர்ல '100-240' வோல்ட்னு அச்சடிச்சிருந்தா பிரச்னை இல்லை. ஆனா, நம்ம உருண்டைப் பின் அங்கே நுழையாது. தட்டையான ரெண்டு பின் அடாப்டர் வேணும். அயர்ன் பாக்ஸ் வீட்டுலயே இருக்கட்டும்!

லிஃப்ட்ல '1'னு இருக்கிறது தரைத்தளம். 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல கடை'ன்னு யாராவது சொன்னா மாடி ஏறிடாதீங்க. எஸ்கலேட்டர்ல டோக்கியோக்காரங்க இடது பக்கம் ஒதுங்கி நிப்பாங்க. அதே ஜப்பான்ல ஒசாகா போனா வலது பக்கம்! ரயிலுக்குள்ள போன்ல பேசுறது அங்கே மரியாதைக்குறைவு. ஸ்பீக்கர்ல பாட்டு? நினைச்சே பார்க்காதீங்க.

சாப்பிட்ட கவரைப் போட இடம் தேடி கிலோமீட்டர் கணக்குல நடப்பீங்க. 1995 மார்ச்சில் டோக்கியோ சுரங்க ரயில்கள்ல ஓம் ஷின்ரிக்கியோ அமைப்பு சாரின் விஷவாயுத் தாக்குதல் நடத்துச்சு. அதுக்கப்புறம் ஸ்டேஷன்கள், பொது இடங்கள்ல இருந்த தொட்டிகளைப் பெருமளவு எடுத்துட்டாங்க. பானம் விக்கிற மெஷின் பக்கத்துல ஒரு தொட்டி இருக்கும். அது பாட்டிலுக்கும் கேனுக்கும் மட்டும். அதனால பையில ஒரு காலி கவர் எப்பவும் இருக்கட்டும்.

சைவம் சாப்பிடுறவங்க கொஞ்சம் கூடுதலா உஷாரா இருக்கணும். 'மீன் இல்லை, காய்தான்'னு தட்டுல வர்ற சூப்லயும் குழம்புலயும் 'டாஷி' இருக்க வாய்ப்பு அதிகம். சூரை மீனைப் புகையில காயவெச்சு, சீவி எடுத்துக் கொதிக்க வைக்கிற சாறு அது. நம்ம மாசிக்கருவாட்டுக்குத் தூரத்துச் சொந்தம்! 'மீன் துண்டு இல்லை'ன்னா 'மீனே இல்லை'ன்னு அர்த்தம் இல்லை. 'டாஷி இருக்கா?'ன்னு தனியா கேளுங்க. முழு சைவம் வேணும்னா 'ஷோஜின் ரியோரி'ன்னு தேடுங்க. அது புத்த மடங்களோட சைவச் சமையல்.

காசை கைல நீட்டாம, கவுன்ட்டர்ல இருக்கிற குட்டித் தட்டுல வைக்கிறதுதான் பழக்கம். மஞ்சள் நிறத்துல நடுவுல ஓட்டை இருந்தா அது 5 யென். அதுல '5'ங்கிற எண்ணே இருக்காது, ஜப்பானிய எழுத்து மட்டும்தான். வெள்ளி நிற ஓட்டைக் காசு 50 யென்.

ஏதாவது தொலைஞ்சா பதறாதீங்க. தெருமுனைகள்ல 'கோபன்'னு குட்டி போலீஸ் பூத் இருக்கும். கிடைச்ச பொருளை அங்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது ஊர் வழக்கம். வழி தெரியலைன்னாலும் அங்கேயே கேட்கலாம். பாஸ்போர்ட்டை மட்டும் ரூம்ல வெச்சுட்டுப் போகாதீங்க. டூரிஸ்ட்கள் எப்பவும் கைல வெச்சிருக்கணும்கிறது அங்கே சட்டம். போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கு 119.

சில கடை வாசல்ல '25:00 வரை'ன்னு போட்டிருக்கும். அச்சுப்பிழை இல்லைங்க, நள்ளிரவு 1 மணி! ஆனா, கடை திறந்திருக்குன்னு உட்கார்ந்துடாதீங்க. ரயில்கள் நள்ளிரவு வாக்குல நின்னு, விடியற்காலை 5 மணி வாக்குலதான் திரும்ப ஓடும். கடைசி ரயிலை விட்டுட்டா டாக்ஸிதான், பில்லும் எகிறும். டாக்ஸி பின்கதவை நீங்க இழுக்க வேண்டாம். டிரைவரே உள்ளே இருந்து திறந்து மூடுவார். டிப்ஸும் வேண்டாம், மீதிச் சில்லறை கரெக்டா வந்துடும்.