ஞாயிறுக்கும் ஞாயிறுக்கும் நடுவே

ஆண்டிமடத்தைச் சுற்றியுள்ள முந்திரிக்காட்டு ஊர்களில் கதைக்குக் காத்திருக்கும் பழக்கம் டி.வி.யோடு வந்ததல்ல. திரௌபதை அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் தீமிதி. துகிலுரியும் இடத்தில் பிரசங்கியார் அன்றைய கதையை நிறுத்தினால் மறுநாள்வரை அதே பேச்சுதான். கண்ணன் வந்து காப்பாற்றுவான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதைக்குத்தான் ஊரே காத்துக் கிடந்தது.

அதனால்தான் தூர்தர்ஷன் 1988 அக்டோபர் 2-ல் 'மகாபாரத்' தொடங்கியபோது எங்களுக்கு மொழி ஒரு தடையாக இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஞ்சாயத்து டி.வி. ரூம் வாசல்வரை கூட்டம். ஒருவருக்கும் இந்தி தெரியாது. கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டிய பெரியப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, "இப்ப பீஷ்மரு சத்தியம் பண்றாரு, சும்மா இருங்கடா" என்று சொல்லிக்கொண்டே வருவார். கூத்தில் இல்லாத ஒன்று திரையில் வந்துவிட்டால் போச்சு, அந்த வாரம் முழுக்க டீக்கடையில் வழக்கு நடக்கும். திங்கட்கிழமை முந்திரி பொறுக்கப் போகும் பெண்கள் கொட்டையைத் திருகி எடுத்துப் பழத்தை வீசியபடியே கர்ணனுக்கு நியாயம் கேட்பார்கள். 94 பகுதிகள், 1990 ஜூன் 24 வரை இப்படியே ஓடியது. பாதிக் கதையை நாங்கள் பார்த்தது அந்த ஆறு நாள் பேச்சில்தான்.

1993-ல் சன் டி.வி. வந்தது. 1999 டிசம்பரில் 'சித்தி' தொடங்கியது. வாரக் காத்திருப்பு ஒரு நாளாகச் சுருங்கியது. அப்போதும் ருசி குறையவில்லை. பிறகு வந்த நெடுந்தொடர்கள்தான் அதைக் கெடுத்தன. 2003-ல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை 1,500 பகுதிகளைத் தாண்டியது. பத்து நாள் பார்க்காமல் போனாலும் கதை அதே இடத்தில் நிற்கும். பார்க்காவிட்டால் நட்டமில்லை என்று ஆன பிறகு யார் காத்திருப்பார்கள்?

2006-ல் அரசின் இலவச கலர் டி.வி. திட்டம் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பெட்டி வந்தது, டி.வி. ரூமைப் பூட்டினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வாசலில் நின்றே பார்த்துப் பழகிய அம்மா முதன்முறையாகத் தன் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தார்.

2020 ஊரடங்கில் பழைய 'ராமாயண்' தொடரை மார்ச் 28 முதல் காலையும் இரவும் மறுஒளிபரப்பு செய்தார்கள். 1987-88-ல் ஒன்றரை வருஷம் ஓடிய கதை மூன்றே வாரத்தில் முடிந்தது. எங்கள் வீட்டில் முதல் நாலைந்து நாள் எல்லோரும் உட்கார்ந்தோம். பிறகு ஒவ்வொருவராக எழுந்துவிட்டோம். "பேசி முடிக்கிறதுக்குள்ள அடுத்தத போட்டுடுறான்" என்றார் அம்மா.

2022 ஜூனில் அமேசான் பிரைமில் 'சுழல்' வந்தது, எட்டுப் பகுதிகளும் ஒரே நாளில். மயானக்கொள்ளை நம் பக்கத்துத் திருவிழா, அது வருகிறது என்றதும் ஆசையாகப் பார்த்தேன். மூன்றாவது பகுதி முடிந்ததும் அக்கா மகனிடம் பேசப் போனேன். "நான் ஒரே ராத்திரியில பாத்து முடிச்சிட்டேன் மாமா, யாருன்னு சொல்லட்டுமா?" என்றான். நான்காவது பகுதியை நான் இன்னும் திறக்கவில்லை.