வேண்டுமென்றே கெடுத்த ஒலி

1994 பிப்ரவரியில் நார்வேயிலிருந்து ஓர் ஆல்பம் வந்தது. பெயர் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்'. முதல் தடவை கேட்பவர் கேசட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார். எங்கோ தூரத்தில் நெல் மில் ஓடுவதுபோல கிட்டார் விடாமல் இரைகிறது. டிரம்ஸ் ஏறக்குறைய முழு ஆல்பத்துக்கும் ஒரே தாளம்தான். பேஸ் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு தேட வேண்டும். குரல் பாடவில்லை, தொண்டை கிழியக் கத்துகிறது. பிளாக் மெட்டல் என்ற கரடுமுரடான மெட்டல் இசை வகையில் உலகெங்கும் அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஒலிகளில் இது ஒன்று. செய்தது டார்க்த்ரோன் என்ற இருவர் குழு. ஃபென்ரிஸ் என்கிற கில்வே நாகெல், நொக்டுர்னோ கல்டோ என்கிற டெட் ஷெல்லும்.

வசதியும் பயிற்சியும் இல்லாததால்தான் இப்படி ஒலிக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு 3 வருடம் முன்பே இவர்கள் ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் ஓர் ஆல்பம் பதிவு செய்திருந்தார்கள். டெத் மெட்டல் என்ற இன்னொரு கடும் மெட்டல் வகையின் ஸ்வீடன் குழுக்கள் வரிசையில் நின்ற இடம் அது. அங்கே ஒலிப்பதிவு செய்த தாமஸ் ஸ்காக்ஸ்பெர்கின் கைபட்ட ஒலி என்றால் அன்றைக்குத் தனி மரியாதை. 1991 ஜனவரியில் வெளிவந்த 'சோல்சைட் ஜர்னி' அங்கே பிறந்ததுதான். தாழ்த்திச் சுருதி சேர்த்த கிட்டார், சிக்கலான தாள மாற்றங்கள், ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கும் சுத்தம். அப்போது நால்வர் குழு. எல்லோருக்கும் வயது இருபதை ஒட்டித்தான். ஆல்பத்தை வெளியிட்ட இங்கிலாந்தின் பீஸ்வில் நிறுவனம் அடுத்த ஆல்பத்துக்குக் காத்திருந்தது.

அதற்கான பாடல்களும் தயாராக இருந்தன. ஒத்திகையில் பதிவுகூடச் செய்துவிட்டார்கள். அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, 1991-இல் திசையையே திருப்பினார்கள். (அந்தப் பாடல்கள் பிற்பாடு குரல் சேர்த்து 1996-இல் 'கோட்லார்ட்' என்று வெளிவந்தன.) டெத் மெட்டல் நாளுக்கு நாள் வித்தைக் காட்சியாகிக்கொண்டிருந்த நேரம் அது. இவர்கள் காதில் ஒலித்ததோ 1980-களின் கரடுமுரடான குழுக்கள்: ஸ்வீடனின் பாத்தரி, சுவிட்சர்லாந்தின் செல்டிக் ஃப்ராஸ்ட். பேஸ் வாசித்த டாக் நில்சனுக்கு இந்தத் திருப்பம் பிடிக்கவில்லை. புதிய ஆல்பத்துக்கு மட்டும் வாசித்துக் கொடுத்துவிட்டு விலகினார்.

பதிவு நடந்தது சொந்த ஊரில், ஆஸ்லோவுக்குத் தெற்கே இருக்கும் கோல்போட்னில், கிரியேட்டிவ் ஸ்டுடியோவில். மேஹெம் குழு 1987-இல் 'டெத்க்ரஷ்' பதிவு செய்ததும் இதே இடத்தில்தான். ஒலிநாடா இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் பீஸ்வில்லுக்கு அதிர்ச்சி. ஒலி மெலிந்து கிடக்கிறது, மறுபடி கலவை செய்யலாம் என்றார்கள். முடியாது, வேண்டாமென்றால் மேஹெமின் யூரோனிமஸ் நடத்தும் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுகிறோம் என்றது குழு. பீஸ்வில் இறங்கிவந்தது. 1992-இல் 'எ ப்ளேஸ் இன் தி நார்தர்ன் ஸ்கை' அப்படியே வெளியானது. ஆனாலும் உற்றுக் கேட்டால் டெத் மெட்டலின் எலும்புகள் அதில் இன்னும் துருத்திக்கொண்டு நிற்பது தெரியும். 1993-இன் 'அண்டர் எ ஃப்யூனரல் மூன்' அவற்றையும் சீவியது. அதோடு இரண்டாவது கிட்டார்க்காரர் செஃபிரஸும் போய்விட, மிஞ்சியவர்கள் இரண்டு பேர்.

1993-இன் கடைசி இரண்டு மாதங்களில் ஃபென்ரிஸ் வீட்டில் இருந்த நாலு தட கேசட் ரெக்கார்டரில் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' வேலை நடந்தது. அதற்கு நெக்ரோஹெல் ஸ்டுடியோ என்று ஒரு பெரிய பெயர் வேறு. இந்தக் கருவியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வழக்கமான கேசட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு தடங்கள், திருப்பிப் போட்டால் இன்னும் இரண்டு. இந்தக் கருவி நான்கையும் ஒரே திசையில் தனித்தனியாகப் பதிவு செய்யும். மெல்லிய நாடாவில் ஒடுங்கிய தடங்கள் என்பதால் சீறல் ஒலி கூடவே வரும், அடிநாதம் மெலியும். டிரம்ஸ், கிட்டார், பேஸ், குரல் என்று தடத்துக்கு ஒன்றாகக் கொடுத்தால் அதோடு தீர்ந்தது. மெருகேற்ற இடமே கிடையாது.

எல்லாக் கருவிகளையும் ஃபென்ரிஸே வாசித்தார். நொக்டுர்னோ கல்டோ குரல் மட்டும் கொடுத்தார். டெத் மெட்டலில் உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கி வெட்டி வெட்டி வாசிப்பார்கள். இங்கே தந்தியை அமுக்காமல், மீட்டியை மேலும் கீழும் அதிவேகமாக ஓட்டி, ஸ்வரத்தை அறுபடாமல் நீட்டினார். ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று மெட்டுத் துணுக்குகளே. அவையே திரும்பத் திரும்ப வரும். தாளமும் மாறாது என்பதால், கொஞ்ச நேரத்தில் காது தாளத்தை விட்டுவிட்டு மெட்டின் சிறு அசைவைப் பிடித்துக்கொள்கிறது. நாடாவின் சீறல் கிட்டாரோடு கலந்து எது எதுவென்று தெரியாமல் போகிறது. சுத்தமான ஸ்டுடியோவில் இதே மெட்டுகளை வாசித்திருந்தால் சப்பென்று இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. சோதனை முயற்சி என்றால் புதிதாக எதையாவது சேர்ப்பது என்றே நினைக்கிறோம். இவர்கள் கழித்துப் பார்த்தார்கள்.

இந்த ஆல்பத்தைப் புகழ்பவர்கள் தாவிப் போகும் ஓர் இடம் உண்டு. பின்னட்டையில் ஆரிய இனப் பெருமை பேசும் ஒரு சொற்றொடர் அச்சானது. கூடவே வந்த அறிக்கை இன்னும் மோசம். கடைசி நான்கு பாடல்களின் வரிகளை எழுதியவர் வர்க் விக்கர்னஸ், யூரோனிமஸைக் கொன்ற வழக்கில் அப்போது சிறையில் இருந்தவர். எதிர்ப்பு கிளம்பியதும் குழு மன்னிப்புக் கேட்டது. அந்தச் சொற்றொடர் பின்னால் நீக்கப்பட்டது. அடுத்த ஆல்பமான 'பான்ஸர்ஃபௌஸ்ட்'டில் தாங்கள் அரசியல் குழு அல்ல என்று எழுதி வைத்தார்கள். இளமைத் திமிர் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இசையின் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு, இரண்டையும் சேர்த்தேதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

வேறொரு குழுவாக இருந்தால் இந்த ஒலியை வைத்தே காலம் தள்ளியிருக்கும். இவர்கள் தள்ளவில்லை. 2005-இல் சொந்தமாக ஒரு சிறு ஸ்டுடியோ வாங்கினார்கள். 2006-இன் 'தி கல்ட் இஸ் அலைவ்' பங்க் நெடியோடு வந்தது. பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். நார்வேயின் விற்பனைப் பட்டியலில் ஏறிய முதல் டார்க்த்ரோன் ஆல்பம் அதுதான் என்பது வேடிக்கை. 2013-இன் 'தி அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்' 1980-களின் ஹெவி மெட்டலைத் தழுவியது. ஃபென்ரிஸ் அதில் உச்ச ஸ்தாயியில் பாடுகிறார்! 2021-இன் 'எட்டர்னல் ஹெய்ல்ஸ்' வேகத்தைக் குறைத்து, ஐந்தே நீண்ட பாடல்களாக நகர்ந்தது.

இப்படி மாற முடிந்ததற்குக் காரணம் இருவர் என்ற அமைப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் சொல்லி மற்றவர் தலையாட்டினால் முடிந்தது. 1996-க்குப் பிறகு டார்க்த்ரோனாக அவர்கள் மேடை ஏறவில்லை. ஆகவே பழைய பாட்டை வாசி என்று கூட்டத்திலிருந்து கத்த ஆள் இல்லை. ஃபென்ரிஸ் தபால் துறையில் வேலை பார்த்தார், நொக்டுர்னோ கல்டோ பள்ளி ஆசிரியர். அரிசி பருப்புக்கு இசையை நம்பவில்லை. ஊராட்சித் தேர்தலில் ஃபென்ரிஸின் பெயரை மாற்று வேட்பாளராகச் சேர்த்தபோது, பூனையைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று படம் வெளியிட்டார். ஜெயித்தும் தொலைத்தார்.

பீஸ்வில் திருத்தப் பார்த்த அந்த 1992 ஆல்பம் இன்று ஆஸ்லோவில் நார்வே தேசிய நூலகத்தின் நிரந்தரக் காட்சியில் இருக்கிறது. புதிதாகக் கேட்க வருபவர்கள் 1991, 1994, 2013 ஆல்பங்களை அதே வரிசையில் கேளுங்கள். இரண்டாவதைப் பாதியில் நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள்.