குழந்தையின் கழுத்தில் மெத்தென்ற கட்டி: 'சிஸ்டிக் ஹைக்ரோமா' என்றால் என்ன?

கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது கழுத்தோரம் மெத்தென்று ஒரு வீக்கம் கையில் படுகிறது. தொட்டால் குழந்தை அழவில்லை, காய்ச்சலும் இல்லை. ஸ்கேன் அறிக்கையில் 'சிஸ்டிக் ஹைக்ரோமா' என்று இருக்கிறது. செல்போனில் தேடினால் 'டியூமர்' என்று வரும். அங்கேயே பாதி உயிர் போய்விடும்.

இது புற்றுநோய் இல்லை. நிணநீரைக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்களில் ஒரு பகுதி, கரு வளரும்போது சரியாக உருவாகாமல் போவதால் நிணநீர் தேங்கி, பை பையாக உப்பிவிடுகிறது. மருத்துவர்கள் இப்போது இதை டியூமர் என்று சொல்வதில்லை, 'நிணநீர்க் குழாய்க் குறைபாடு' என்றே வகைப்படுத்துகிறார்கள். பல குழந்தைகளிடம் பிஐகே3சிஏ என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. அது கருவின் சில செல்களில் மட்டும் தானாக நேர்வது, பரம்பரையாக வருவதல்ல. 'கிரகணத்தன்று வெளியே போனாயா' என்று அம்மாவைக் கேட்கும் உறவினர்களுக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்.

சுமார் 6,000 முதல் 16,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வரம்பு ரொம்பவே அகலம், எனவே தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கில் மூன்று கழுத்தில்தான் வருகின்றன. சுமார் 90% இரண்டு வயதுக்குள் தெரிந்துவிடும்.

பயப்பட வேண்டியது எப்போது? சளி பிடித்தாலோ, உள்ளே ரத்தம் கசிந்தாலோ கட்டி திடீரென்று பெரிதாகி மூச்சுக்குழாயை அழுத்தலாம். மூச்சில் சத்தம் வந்தாலோ, பால் குடிக்கத் திணறினாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தால் மட்டும் போதாது, பை திரும்ப நிரம்பிவிடும். அதனால் பைக்குள் பிளியோமைசின் அல்லது டாக்ஸிசைக்ளின் மருந்தைச் செலுத்தி, சுவர்களைத் தழும்பாக்கிச் சுருங்கவைக்கிறார்கள். இதற்குச் சில முறை போக வேண்டியிருக்கும். பெரிய பைகளுக்கு இது நன்றாகக் கைகொடுக்கிறது, பொடிப்பொடியான பைகளுக்கு அவ்வளவாக இல்லை. அறுவை சிகிச்சையில் சிக்கல் என்னவென்றால், கட்டி முகத்தின் நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் சுற்றிப் படர்ந்திருக்கலாம். மிச்சம் விட்டால் மீண்டும் வளரலாம். மிகவும் படர்ந்தவற்றுக்கு இப்போது சிரோலிமஸ் என்ற வாய்வழி மருந்து தரப்படுகிறது. தொந்தரவு தராத சிறிய கட்டியைக் கவனித்துக்கொண்டே காத்திருப்பதும் உண்டு.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாத ஸ்கேனில் பிடரியில் தெரியும் ஹைக்ரோமா வேறு கதை. அது டர்னர், டவுன் போன்ற குரோமோசோம் குறைபாடுகளோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்பதால் மரபணுப் பரிசோதனை தேவைப்படும். இணையத்தில் கண்ணில் படும் பயமுறுத்தும் சதவீதங்கள் பெரும்பாலும் இதைப் பற்றியவை, பிறந்த பிறகு கழுத்தில் தெரியும் கட்டியைப் பற்றியவை அல்ல.