புகாரின் இரவு: விளக்குகளும் அவற்றை ஏற்றியோரும்

பண்டைத் தமிழ் நகரங்கள் பற்றி எழுந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் அரசியற் சிறப்பையும் கடல் வாணிகத்தையும் விரித்துரைப்பனவாகவே அமைந்துள்ளன. அந்நகரங்களுக்குப் புறத்திருந்து வந்தோர் எவ்வாறு தங்கினர், எவற்றைக் கண்டு களித்தனர், கதிரவன் மறைந்தபின் நகரம் அவர்களுக்கு எத்தகைய தோற்றம் தந்தது என்ற வினாக்கள் போதிய கவனத்தைப் பெறவில்லை. கேளிக்கை ஆய்வுக்குரிய பொருளன்று என்ற எண்ணமே இதற்குக் காரணமாகலாம். ஆயினும் ஒரு நகரத்தின் கேளிக்கை அதன் உற்பத்தி முறையினின்றும் சமூக அமைப்பினின்றும் வேறானதன்று. காவிரிப்பூம்பட்டினமெனப்படும் புகாரின் இரவு வாழ்வை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் சான்றுகளின் தன்மையை வரையறுத்துக் கொள்ளுதல் வேண்டும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை 301 அடிகளைக் கொண்டது. கரிகாலனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட இந்நூல் சங்க காலத்துக்குரியது. சிலப்பதிகாரத்தின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது என்பாரும், ஐந்தாம் நூற்றாண்டையொட்டியது என்பாரும், அதற்கும் பிற்பட்டது என்பாரும் உளர். மணிமேகலையும் அத்தகையதே. எனவே காப்பியங்கள் காட்டும் புகார், கண்ணாற் கண்ட நகரமாக மட்டுமன்றி நினைவிற் போற்றப்பட்ட நகரமாகவும் இருத்தல் கூடும். எனினும் நகரின் இருப்புப் பற்றி ஐயமில்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான பெரிபுளூஸ் 'கமரா' என்றும், அடுத்த நூற்றாண்டினரான தொலமி 'கபேரிஸ்' என்றும் குறிப்பது இத்துறைமுகத்தையே என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற முடிவாகும். 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் இந்தியத் தொல்லியற் துறையினர் நடத்திய அகழ்வாய்வில் கீழையூரில் செங்கல்லாலான படகுத்துறை ஒன்றும், பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரை ஒன்றும் வெளிப்பட்டன.

புகாருக்கு வந்தோர் யாவர்? பட்டினப்பாலை தரும் பண்டப் பட்டியலே இதற்கு விடை தருகின்றது. கடல்வழி வந்த குதிரைகள், நிலவழி வந்த மிளகுப் பொதிகள், வடமலைப் பொன்னும் மணியும், குடமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, குணகடற் பவளம், கங்கை விளைபொருள், காவிரிப் பயன், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள் என அது நீள்கின்றது. பண்டம் வந்த வழியே மாந்தரும் வந்தனர் எனக் கொள்ளுதல் பொருந்தும். ஈழத்தவரும் அவருள் அடங்குவர் என்பது நமக்குத் தனி ஈடுபாடு தருவது. பல மொழி பேசுவோர் இந்நகரிற் கலந்து இனிதே உறைந்தனர் என்று கூறும் புலவர், விழா நடைபெறும் பழைய ஊரொன்றில் பல திசைச் சுற்றத்தார் கூடியிருத்தலை அதற்கு உவமையாக்குகின்றார். துறைமுக வாழ்வே ஒரு விழாவாகக் காட்சியளித்தது என்பது இவ்வுவமையிற் புலனாகின்றது.

இவ்வாறு வந்தோர் நெடுநாள் தங்க நேர்ந்தமைக்கு ஓர் இயற்கைக் காரணம் உண்டு. பாய்மரக் கலங்கள் பருவக் காற்றை நம்பியே ஓடின. வந்த காற்றில் உடனே திரும்ப இயலாது. காற்றுத் திசை மாறும்வரை காத்திருத்தல் வேண்டும். கையிற் பொருளும் கழிக்க வேண்டிய காலமும் உடைய மாந்தர் பலர் ஓரிடத்திற் கூடும்போது, அவர்க்கு உணவும் உறையுளும் இசையும் கூத்தும் வழங்குவதே ஒரு தொழிலாக வளர்தல் இயல்பு. எனவே புகாரின் கேளிக்கையை வெறும் செல்வச் செழிப்பின் வெளிப்பாடு எனக் கொள்ளுதல் போதாது. அது வாணிகத்தின் ஓர் உறுப்பாகவே இயங்கியது எனலாம்.

நகரின் அமைப்பும் இதனை உணர்த்துகின்றது. கடலையொட்டி மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம், இரண்டிற்கும் இடையே மரநிழலிற் கூடும் நாளங்காடி. யவனர் இருக்கைகளும், நெசவாளர், தச்சர், கொல்லர், பொற்கொல்லர், மீன் விற்போர், கள் விற்போர் ஆகியோர் உறைவிடங்களும் மருவூர்ப்பாக்கத்தில் இருந்தன. குழலிலும் யாழிலும் வல்ல பெரும்பாணரையும் இளங்கோ இப்பகுதியிலேயே வைக்கின்றார். நாடகக் கணிகையரோ அரச வீதியும் வணிகர் வீதியும் அமைந்த பட்டினப்பாக்கத்தில் இடம் பெறுகின்றனர். இசைக்கருவி வல்லோர் கைவினைஞரோடும், ஆடல் மகளிர் ஆளுவோரோடும் செல்வரோடும் சேர்த்துக் குடியமர்த்தப்பட்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. கலைஞரிடையேயும் படிநிலை இருந்தது. யாரைச் சார்ந்து வாழ்ந்தனர் என்பதே அப்படிநிலையைத் தீர்மானித்திருத்தல் வேண்டும்.

புகாரின் இரவைக் காண்பதற்குச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை வாய்ப்பான இடமாகும். இந்திர விழா முடிவுற்ற வேளையில் கோவலன் கோவேறு கழுதை மீதும் மாதவி வண்டியிலும் ஏறிப் புலராத பொழுதில் கடற்கரை நோக்கிச் செல்கின்றனர். அவ்வழியிற் கண்ட விளக்குகளை இளங்கோ வரிசைப்படுத்துகின்றார். வண்ணமும் சந்தனமும் மலரும் பொடியும் தின்பண்டமும் விற்போர் விளக்கு, கம்மியர் பட்டறை விளக்கு, மோதகம் விற்கும் காழியர் விளக்கு, குடம்போன்ற தண்டிற் பொருத்திய, அப்ப வாணிகரின் கரிய அகல், விலைகூறி விற்கும் பெண்களின் கடைவிளக்கு, மீன் விற்போர் விளக்கு, கலங்கரை விளக்கம், பரதவர் திமில் விளக்கு, வேற்றுமொழி நாட்டினர் அணையாது வைத்த விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு. நுண்ணிய வெண்மணலில் வீழ்ந்த சிறு வெண்கடுகும் கண்ணுக்குப் புலப்படும் அளவு ஒளி இருந்ததாம்.

இப்பகுதியை நகரின் பொலிவுக்குச் சான்றாகக் காட்டுவதே வழக்கம். அதனோடு அமையாது எண்ணிப் பார்ப்பின் வேறோர் உண்மை புலப்படும். இங்குக் கூறப்படும் விளக்குகள் பத்து. அவற்றுள் ஒன்று கலங்களுக்கு வழிகாட்டுவது, ஒன்று அயல்நாட்டினருடையது. எஞ்சிய எட்டும் உழைப்போர் ஏற்றியவை. கண்டு களித்துச் செல்லும் கோவலனும் மாதவியும் ஏற்றிய விளக்கு அவற்றுள் ஒன்றுமில்லை. நகர் உறங்காதிருந்தமைக்குக் காரணம் செல்வர் விழித்திருந்தமை மட்டுமன்று. அப்பம் சுடுவோரும் மீன் விற்போரும் காவலரும் உறங்க இயலாதிருந்தமையுமாகும். இளங்கோ இதனைக் கண்டனமாகக் கூறவில்லை, ஆயினும் மறைக்கவுமில்லை. பட்டினப்பாலையிலும் இதன் சாயலுண்டு. பாடல் கேட்டும் நாடகம் கண்டும் நிலவின் பயன் நுகர்ந்தும் மாந்தர் இரவு கழிக்கும் காட்சியிலேயே, உயர் மாடங்களின் ஒளியோடு கடலிற் சென்ற பரதவர் திமில்களின் சுடரும் சேர்ந்து வருகின்றது.

வந்தோரின் பொருளுக்குப் பாதுகாப்பளித்தல் வாணிக நகருக்கு இன்றியமையாதது. புகாரின் ஐவகை மன்றங்களுள் வெள்ளிடை மன்றம் இதற்கெனவே அமைந்தது போலும். புதிதாய் வந்தோர் தம் பெயர் பொறித்த பொதிகள் காவலும் தாழுமின்றி அங்குக் கிடக்கும். திருட முயல்வோன் அச்சுமையைத் தலையில் ஏற்றி நகரைச் சுற்ற நேருமேயன்றிப் பொருள் அவனுக்குக் கிட்டாது. எனின், கடலாடு காதையிற் காவலர் விளக்கு எரிவது எதனால்? முன்னையது நகரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட புகழ். பின்னையது அப்புகழைக் காக்க விழித்திருந்தோரின் சுவடு என இவ்விரண்டையும் இணைத்துக் காண்பதே வரலாற்று நோக்குக்கு ஏற்றது.

இசையரங்கு பற்றி அரங்கேற்று காதை தரும் செய்திகள் நுட்பமானவை. இருபத்து நான்கு விரல் கொண்ட கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாக மேடை அமைந்தது. மேடைக்கும் மேல் விதானத்துக்கும் இடைவெளி நான்கு கோல், வாயில் இரண்டு, எழினி மூவகை. தூணின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டது. குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதனைத் தொடர்ந்து முழவும் இசைத்தன. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் எனப் பலரது உழைப்பு ஒரு மேடையில் ஒருங்கிணைந்தது. இத்தகைய தொழில்நுட்பம் பல தலைமுறைப் பயிற்சியின்றித் தோன்றியிருக்க இயலாது.

அந்த மேடையில் நின்ற பெண்ணின் நிலை யாது? ஐந்தாண்டிற் பயிற்சி தொடங்கி ஏழாண்டு கற்றுப் பன்னிரண்டாம் வயதில் மாதவி அரங்கேறினாள். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் பச்சை மாலையும் தலைக்கோற் பட்டமும் அவளுக்கு வழங்கப்பட்டன. அடுத்துவரும் நிகழ்ச்சியே கூர்ந்து நோக்கற்பாலது. நகர நம்பியர் உலாவும் மறுகில் அம்மாலையைக் கூனி ஒருத்தி விலை கூறி நிற்கின்றாள். வாங்குவோன் மாதவிக்கு உரியவனாவான். கலைக்கு அளிக்கப்பட்ட பரிசே கலைஞருக்கு விலையாக மாறுகின்றது. அரசவையின் மதிப்பும் அங்காடியின் மதிப்பும் ஒரே மாலையிற் சந்திக்கும் இவ்விடம், அக்காலப் பெண் கலைஞரின் முரண்நிலையைத் தெளிவாகப் புலப்படுத்துகின்றது.

இந்திர விழா 28 நாள் நடைபெற்றதென மணிமேகலை கூறும். வச்சிரக் கோட்டத்து முரசை யானைப் பிடரில் ஏற்றி விழாவை அறிவித்தனர். தெருவிற் பழைய மணலை அகற்றிப் புதுமணல் பரப்புமாறும், விளக்குகளால் அணி செய்யுமாறும், சமய வாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுமாறும், பகைவரிடத்தும் பூசலின்றி விலகிச் செல்லுமாறும் மக்கள் வேண்டப்பட்டனர். பல சமயத்தாரும் பல மொழியாரும் கூடிய நகரில் அமைதி தானே விளைவதன்று. அறிவித்தும் ஒழுங்கு செய்தும் காக்க வேண்டியது என்பதை அந்நகரத்தார் உணர்ந்திருந்தனர்.

அவ்விழாவில் ஆட மாதவி வரவில்லை. கோவலன் கொலையுண்ட பின்னர் அவள் துறவு பூண்டாள். மகளையும் அவ்வழியிற் செலுத்தினாள். ஊரார் பழி தூற்றினர். தாய் சித்திராபதி, வயந்தமாலையைத் தூதாக விடுத்து அழைத்தும் அவள் இசையவில்லை. ஊர் கேட்டது ஆடலை. அவள் கேட்டது தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமையை. பௌத்தத் துறவு நெறி அவளுக்கு அன்றைய சூழலிற் கிடைத்த ஒரே புகலிடமாயிற்று. மணிமேகலைக் காப்பியம் சமயப் பிரசாரத்துக்காக எழுந்ததெனினும், கேளிக்கைக்காக வளர்க்கப்பட்ட பெண்ணொருத்தி மறுத்துரைத்த குரலை அது நமக்குப் பேணித் தந்துள்ளது.

இந்திர விழா கைவிடப்பட்டமையாற் கடல் புகாரை விழுங்கியது என அந்நூலே கூறும். தொன்மத்தைத் தொன்மமாகவே கொண்டாலும், விழாவையும் நகரின் உயிரையும் அது இணைத்துக் காண்பது கருதத்தக்கது. இன்றைய மயிலாடுதுறை மாவட்டக் கரையில் அலை வந்து மீளும் பகுதியிலேயே உறைகிணறுகள் காணப்பட்டுள்ளன. கடலரிப்பு மெய்யென்பதற்கு அவை சான்று. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையும் இக்கரையைத் தாக்கியது.

1973இல் அங்குச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் எழுப்பப்பட்டது. அதனைக் காணச் செல்வோர்க்குக் கண்ணகியும் கோவலனும் மாதவியும் சிற்ப வடிவிற் காட்சி தருகின்றனர். வரலாறு கற்போர் அவர்களோடு அமைதல் தகாது. அப்பம் சுட்டவளின் கரிய அகலையும், காவலன் கையிலிருந்த விளக்கையும், திமிலிற் சென்றவனின் சுடரையும் சேர்த்துக் கண்டாலன்றிப் புகாரின் இரவு நமக்கு முழுமையாக விளங்காது. பழம்பெருமை பேசுதல் எளிது. அப்பெருமை எவர் உழைப்பில் ஒளிர்ந்தது என்று வினவுதலே ஆய்வாளர் கடன்.