தஞ்சை இராசராசேச்சரத்தில் செதுக்கப்படாத கரணக் கற்கள்

முதலாம் இராசராச சோழன் (கி.பி. 985–1014) தஞ்சையில் எடுப்பித்த இராசராசேச்சரத்தின் கருவறை இரட்டைச் சுவர்களைக் கொண்டது. அச்சுவர்களுக்கு இடைப்பட்ட சுற்றுவழியின் கீழ்த்தளத்தில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேல்தளத்தில் கரணச் சிற்பங்கள் அமைந்துள்ளன. ஆடற்கலை வரலாற்றில் இவை பெற்றுள்ள இடம் பெரிது. கட்டுமான வரலாற்றிற்கும் இவை சான்றாவதை இக்கட்டுரை சுட்ட முனைகிறது.

நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்களுக்கும் இங்குக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 81 கற்களில் மட்டுமே உருவங்கள் உள்ளன. எஞ்சிய 27 வெறுமையாக நிற்கின்றன. இவ்வெறுங்கற்களே இங்கு முதன்மைச் சான்றாகும். சிற்பங்களைப் பட்டறையில் முடித்த பின்னர்ச் சுவரில் பொருத்துவது வழக்கமாக இருந்திருப்பின், செதுக்காத கற்கள் தத்தம் இடத்தில் அமர்ந்திருக்க வேண்டியதில்லை. எனவே, இத்தளத்திலேனும் கல் முதலில் பதிக்கப்பெற்று, உளி பின்னர் வந்தது எனலாம். இதனைப் புறச்சுவர்ச் சிற்பங்களுக்கும் விரித்துரைக்க இச்சான்று மட்டும் போதாது.

பணி ஏன் நின்றது? மன்னனின் மறைவும், இராசேந்திரன் கங்கைகொண்டசோழபுரத்தைத் தலைநகராக்கியதும் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. ஆயின், 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் தூபிக்குச் செப்புக்குடம் அளிக்கப்பட்டதைக் கோயிற் கல்வெட்டு குறிக்கிறது. அஃதாவது, 1010இலேயே விமானம் உச்சிவரை எழுந்துவிட்டது. அதன்பின் மன்னன் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தான். ஆகவே அவன் மறைவொன்றையே காரணமாகக் கொள்வது எளிதன்று. அடியவர் வலம்வரும் வழியில் மேல்தளம் இல்லாமையால், அங்கு எஞ்சிய வேலை வழிபாட்டிற்குத் தடையாகவும் இருந்திராது; அதனை முடிக்க வேண்டிய அவசரமும் குறைந்திருக்கலாம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இக்கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் குடியமர்த்தப்பட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் 100 கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கும் வழங்கப்பட்டன. அவர்தம் பெயர்கள் புறத்தே கல்வெட்டில் நிற்க, உள்ளே கரணங்களை ஆடுபவர் நான்கு கரங்கள் கொண்ட சிவபெருமான். பிற்காலச் சிதம்பரக் கோபுரங்களில் இந்நிலை மாறுகிறது. அங்குக் கரணங்களை ஆடுபவர் பெண்களே. தஞ்சையில் உருப்பெறாது போன 27 கரணங்களின் சிற்ப வடிவை அறிய, ஆய்வாளர் அக்கோபுரங்களையும் நாடவேண்டியுள்ளது.