பேராசிரியர் கெடிஸும் படாபஜார் சந்துகளும்

எம்டன் என்றால் நம்மூரில் தெரியாதவர் கிடையாது. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் கப்பல். அதே எம்டன் மறுமாதம் 'கிளான் கிராண்ட்' என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதோடு கடலுக்குள் போனவை ஸ்காட்லாந்துப் பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ் (1854–1932) நம் நாட்டில் காட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த நகர வரைபடங்களும் படங்களும். வேறு கப்பலில் வந்த மனிதர் பிழைத்தார். நண்பர்கள் மறுபடி சேகரித்து அனுப்ப, 1915இல் சென்னையில் கண்காட்சி நடந்தேவிட்டது.

கெடிஸ் படித்தது உயிரியல். 1886இல் மனைவி அன்னாவுடன் எடின்பரோவின் சீர்கெட்ட பழைய தெரு ஒன்றில் குடியேறி, அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் பழுது பார்த்தவர். வெளியே நின்று திட்டம் போட்டவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு நேர்க்கோட்டுச் சாலைகள் போட்டு வீடுகளை இடிக்க ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் அதே இடத்துக்கு இன்னொரு வரைபடம் தந்தார். பாழடைந்த வீடு மட்டும் போகட்டும். காலி மனையில் மரம் வையுங்கள். சந்தைக் கொஞ்சம் அகலப்படுத்துங்கள் என்றார். செலவும் குறைவு, வீடிழப்போரும் குறைவு. இடிச்சுட்டா ஜனம் எங்கே போகும்? பக்கத்துத் தெருவில் போய் நெருக்கும், வாடகை ஏறும். இதுவே அவர் வாதம்.

கல்கத்தாவில் 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் ஏற்பட்டு, 1912 முதல் அகலச் சாலைகளை வெட்டத் தொடங்கியது. இன்றைய சித்தரஞ்சன் அவென்யூ அப்படி வந்ததுதான். இந்தச் சூழலில் கெடிஸ் 1919இல் மாநகராட்சிக்குப் படாபஜார் பற்றிய அறிக்கை அளித்தார். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1917இல், மகனைப் போரிலும் மனைவியை இந்திய மண்ணிலும் பறிகொடுத்திருந்தார். அறிக்கை முழுமையாக நிறைவேறவில்லை. சந்துகளில் இன்றும் மூட்டை சுமப்பவரோடு தோள் உரசித்தான் நாங்கள் வியாபாரம் செய்கிறோம்.

டிரஸ்டை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. டாகுரியா ஏரியை வெட்டி, தெற்குப் பகுதியை ஊராக்கியதும் அதுவே. நம்மவர் பெருகிய லேக் மார்க்கெட் வட்டாரம் அதன் பலன்தானே?

1970இல் பிறந்த பெருநகர வளர்ச்சி ஆணையம் (சி.எம்.டி.ஏ.) பஸ்தி மேம்பாட்டை மேற்கொண்டது. குடிசைவாசிகளை அகற்றாமல், இருந்த இடத்திலேயே குடிநீர், கழிப்பறை, வடிகால், தளம் போட்ட பாதை, விளக்கு. கெடிஸ் காட்டிய வழி ஏழை வாசலுக்கு வந்ததுபோல் இருந்தது. ஆனால் பஸ்தியில் மூன்று அடுக்கு உண்டு: நிலத்துக்காரர், குடிசை கட்டிய டிக்கா குடித்தனக்காரர், அறைக்கு வாடகை தரும் பாராட்டியா. 1981ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை அரசுக்கு எடுத்து, டிக்காக்காரரை அரசின் நேர்க் குடியாக்கியது. கீழே இருந்த பாராட்டியா வாடகைக்காரராகவே நின்றுவிட்டார்.

ஆகவே எந்தச் சீரமைப்பைப் பார்த்தாலும், விளக்கு எரிகிறதா என்பதோடு நில்லாமல், நேற்று அங்கே வாடகை கொடுத்தவர் இன்றும் இருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும். டிரஸ்ட் 2017இல் வளர்ச்சி ஆணையத்தோடு இணைந்துவிட்டது. கேள்வி அப்படியே இருக்கிறது. பிழைக்க வந்து இந்நகரில் வேரூன்றிய நமக்கும் அதைக் கேட்கும் கடமை உண்டு.